பௌத்தத்தில் கடவுள் இல்லை என்றால் விகாரைக்குள் விஷ்ணு எதற்கு?

திருச்சிப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். துபாயில் என்னோடு வேலை பார்க்கும் சிங்களத் தோழியின் ஊருக்குப் போன மாதம் போயிருந்தேன். கண்டியிலிருந்து முக்கால் மணி நேர பஸ் பயணம். நான்கு நாள் தங்கினேன்.

புத்தர் கடவுளை ஒத்துக்கொள்ளவில்லை, ஆன்மா இல்லை என்று சொன்னார் என்றுதான் பள்ளியில் படித்தது. அந்த ஊர் விகாரைக்குப் போனால் படுத்திருக்கும் பெரிய புத்தர் சிலை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை, திரை போட்டிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் நீல நிறத்தில் விஷ்ணு. பக்கத்தில் மயிலோடு கதிர்காமத் தெய்வம், அதாவது நம் முருகன். தோழியின் அம்மா புத்தரைக் கும்பிட்டுவிட்டு நேராக அங்கே போய், மகனின் பரீட்சைக்காக வெள்ளைத் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து வைத்தார். கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு எதிரிலேயே விஷ்ணு கோயில். இன்னொரு கோயிலில் பத்தினி தெய்யோ, அதாவது பத்தினித் தெய்வம். அது நம் கண்ணகியாம்! தோழியைக் கேட்டால், "புத்தர் தெய்வம் இல்லை, இவர்கள் தெய்வங்கள், இதில் என்ன குழப்பம்?" என்கிறாள்.

எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கடவுள் உண்டா, இல்லையா? உலகத்தைப் படைத்தது யார் என்கிறார்கள்? ஆன்மாவே இல்லை என்றால் மறுபிறப்பு யாருக்கு?

வெறும் ஆர்வத்தில் கேட்கவில்லை. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதைக் கேள்விப்பட்ட தோழியின் அம்மா, அப்பா பெயரில் பிக்குகளுக்கு அன்னதானம் ஏற்பாடு செய்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் என் கையில் ஒரு கெண்டியைக் கொடுத்து, தட்டில் இருந்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். கிண்ணம் நிறைந்த பிறகும் நிறுத்தச் சொல்லவில்லை. பிக்குகள் ஓத ஓத, தண்ணீர் வழிந்து தட்டில் பரவிக்கொண்டே இருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று ஒரு சொல்கூடப் புரியாமல் அழுதேன். அது என்ன சடங்கு என்பதும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கண்டிப் பூக்கடை:

மகள், உங்கள் கடிதத்தைக் காலையில் வாசித்தேன். கடையை மூடிவிட்டு வந்து எழுதுகிறேன்.

நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் அப்பா காலத்திலிருந்து விகாரை வாசலில் பூ விற்கிறோம். எனக்கு வயது 61, ஐந்தாறு வயதிலிருந்தே அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். போயா என்கிற பௌர்ணமி நாளில் விடிவதற்கு முன்பே தாமரை மொட்டு வந்து இறங்கும். ஒவ்வொரு மொட்டாக எடுத்து, வெளி இதழ்களை விரலால் உள்நோக்கி மடித்து, தண்ணீர் தெளித்து, தட்டில் அடுக்குவோம். வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். புத்தருக்கு வைக்கிற பூவின் மணம் நமக்கு இல்லை.

சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டது, இவர்கள் பூ வைத்துப் புத்தரிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று. பத்து வயதிருக்கும்போது அந்த விகாரையின் பெரிய ஹாமதுரு, அதாவது தலைமைப் பிக்கு, பூ வைக்கும்போது சொல்லும் பாலிப் பாட்டின் அர்த்தத்தைச் சொல்லித்தந்தார். இந்தப் பூ வாடுவது போல என் உடம்பும் அழியப் போகிறது, அவ்வளவுதான். பாட்டில் கோரிக்கை எதுவும் இல்லை. புத்தர் பரிநிர்வாணம் அடைந்துவிட்டார், இனி அவருக்குப் பிறவி இல்லை, கேட்டால் கொடுப்பதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்றார் ஹாமதுரு. அன்றைக்கு எனக்குப் பகீரென்றது. காலையில் கொண்டுபோய் வைத்த தாமரையெல்லாம் சாயந்தரம் பழுப்பாகிக் குவியலாகக் கிடக்கும், பெருக்கி அள்ளுவார்கள். தினமும் பார்த்ததுதான், அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

சரி, அப்படியானால் விஷ்ணு எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்.

பௌத்தத்தில் தெய்வங்கள் உண்டு. இல்லாதது, எல்லாவற்றையும் படைத்து ஆள்கிற ஒரே கடவுள். இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இலங்கையில் இருக்கும் பௌத்தப் பிரிவான தேரவாதத்தில் உயிர்கள் பிறக்கக்கூடிய தளங்கள் 31 என்று கணக்கு. நரகம், விலங்கு, பசித்துத் திரியும் பேய்கள், அசுரர், மனிதர், அதற்கு மேல் ஆறு தேவ உலகங்கள், அதற்கும் மேல் பிரம்ம உலகங்கள். நல்ல வினை செய்தவர் தேவராகப் பிறக்கலாம். ஆனால் தேவராயிருப்பதும் ஒரு பிறவிதான், அதற்கும் ஆயுள் முடியும். தேவ உலகங்களில் கீழே இருப்பதன் ஆயுள் 500 தேவ ஆண்டு. அங்கே ஒரு நாள் என்பது இங்கே 50 வருடம். பெருக்கிப் பார்த்தால் 90 லட்சம் மனித ஆண்டு. நீண்ட ஆயுள்தான், ஆனாலும் தீர்ந்துவிடும்.

நளன் கதையில் தமயந்தி தேவர்களை எப்படி அடையாளம் கண்டாள்? அவர்கள் கழுத்து மாலை வாடாது, நளனுடைய மாலை வாடும். நாம் கேட்டு வளர்ந்தது அது. பௌத்தத்தில் தேவர்களின் மாலையும் வாடும். ஒரு தேவர் சாகப் போகிறார் என்பதற்கு ஐந்து அறிகுறிகள் சொல்லியிருக்கிறது. மாலை வாடும், உடை அழுக்காகும், அக்குளில் வேர்க்கும், உடம்பின் ஒளி மங்கும், தன் இருக்கையில் இருக்கப் பிடிக்காது. அப்போது கூட இருக்கும் தேவர்கள், "நல்ல இடத்தில் போய்ப் பிற" என்று வாழ்த்தி அனுப்புவார்களாம். தேவர்கள் நல்ல இடம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பிக்குகள் கேட்டபோது, மனிதப் பிறப்பை என்றார் புத்தர். இதைக் கேட்ட நாளிலிருந்து, மாலை கட்டும்போதெல்லாம் அந்த வாடும் மாலை எனக்கு ஞாபகம் வரும். பூ விற்கிறவனுக்கு இதைவிட நெருக்கமாக ஒரு தத்துவத்தைச் சொல்ல முடியாது.

விஷ்ணு இங்கே இலங்கையின் காவல் தெய்வம். புத்தர் கண்மூடும் வேளையில் இந்திரனிடம் இந்தத் தீவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், இந்திரன் அதை நீலத்தாமரை நிறத் தெய்வத்திடம் ஒப்படைத்தார் என்பது மகாவம்சத்தில் வரும் செய்தி. அந்தத் தெய்வத்தைத்தான் பிற்காலத்தில் விஷ்ணு என்று கொண்டார்கள். கண்டியில் நாத தெய்யோவுக்கும் ஒரு தேவாலை, அதாவது தெய்வக் கோயில், உண்டு. அவர் அவலோகிதேசுவர போதிசத்துவர், புத்த நிலையை நோக்கிப் போகிறவர். பத்தினி நம் கண்ணகிதான், சிலப்பதிகாரத்திலேயே இலங்கைக் கயவாகு மன்னன் வருகிறான். கண்டியில் வருடாவருடம் நடக்கும் எசல பெரஹரா ஊர்வலத் திருவிழாவில் முதலில் தலதா மாளிகையின் ஊர்வலம், பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று வரிசை. அந்த வரிசையே யார் எங்கே என்று சொல்லிவிடும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? தேவாலையில் பூசை செய்வது பிக்கு இல்லை, கப்புறாளை என்ற பூசாரி. பிக்கு தெய்வத்தைக் கும்பிட மாட்டார், தெய்வம்தான் பிக்குவைக் கும்பிட வேண்டும். தேவாலையில் கொடுத்த பழத்தட்டில் பாதி திரும்பிக் கையில் வரும், வீட்டுக்கு எடுத்துப்போவோம். புத்தருக்குப் படைத்த சோற்றை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், காக்கைக்கும் நாய்க்கும் போடுவார்கள். உங்கள் தோழியின் அம்மா நாணயம் முடிந்துவைத்தது, ஊரில் செல்வாக்குள்ள பெரியவரிடம் போய் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்பது போல. முடிந்தால் செய்வார். ஆனால் பிறவியிலிருந்து விடுதலை அந்தப் பெரியவர் கையில் இல்லை, அவருக்கே அது இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் புண்ணியம் செய்தால் கடைசியில் தெய்வங்களுக்கும் பங்கு கொடுக்கிறார்கள். தேவ உலகத்தில் சுகம் உண்டு, தானம் கொடுக்க வாய்ப்பு அதிகம் இல்லை.

அப்புறம் படைப்பு. இதற்குப் புத்தர் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. உலகம் சுருங்கும், பிறகு விரியும், இப்படி மாறி மாறி. இதற்குத் தொடக்கம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒருமுறை விரிகிற காலத்தில் வெறுமையாக ஒரு பிரம்ம விமானம், அதாவது பிரம்ம உலகத்து மாளிகை, தோன்றுகிறது. மேலே இருந்த ஓர் உயிர் ஆயுள் தீர்ந்து அங்கே வந்து பிறக்கிறது. நீண்ட காலம் தனியாகவே இருக்கிறது. தனிமை தாங்காமல், வேறு யாராவது வரமாட்டார்களா என்று ஏங்குகிறது. அந்த நேரம் பார்த்து மற்ற உயிர்களும் அவரவர் ஆயுள் தீர்ந்து அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் வந்தவர் நினைக்கிறார், நான் விரும்பினேன், இவர்கள் வந்தார்கள், ஆகவே நானே படைத்தவன் என்று. வந்தவர்களும் நினைக்கிறார்கள், நமக்கு முன்பே இருந்தார், ஆகவே இவரே நம்மைப் படைத்தவர் என்று. யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள். தனிமையில் இருந்தவர் தப்பாக விளங்கிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பிரம்மாவை நினைத்தால் இரக்கமாக இருக்கும்.

மறுபிறப்பையும் கெண்டித் தண்ணீரையும் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். காலையில் பூ எடுக்கப் போகவேண்டும்.

தங்கவயல் பேரன்:

ஜெய்பீம். பூக்கடை ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் ஒரு சகோதரனாக இதையும் சொல்லியாக வேண்டும்.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளை தங்கவயல் மாரிக்குப்பத்தில் இருந்தது. தாத்தா வீட்டுச் சுவரில் புத்தர் படம் மட்டும்தான். அம்பேத்கர் படம் பிறகு வந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது தந்த 22 உறுதிமொழிகளில் முதலாவது, பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரனை நம்பமாட்டேன், வணங்கமாட்டேன் என்பது. ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை மறுக்கிறது. கோயிலுக்குள் விடப்படாத சனங்களுக்கு இது ஏட்டுத் தத்துவம் இல்லை. உலகத்தை ஒருவர் படைத்தார், உன்னைக் கீழே வைத்தது அவர்தான் என்று சொல்லித்தானே எங்களை அடக்கினார்கள்? படைத்தவர் இல்லை என்றால் அந்தக் கீழ்மேலை எழுதியவரும் இல்லை. எங்களுக்குப் பௌத்தத்தின் உயிரே இதுதான்.

மறுபிறப்பு பற்றியும் பாபாசாகேப் வேறு விதமாகவே எழுதினார். அவர் இறந்த மறு வருடம், 1957-இல் வெளிவந்த நூலில், ஆன்மா கூடு விட்டுக் கூடு பாய்வதை மறுத்து, உடம்பில் சேர்ந்திருந்த நிலம், நீர், தீ, காற்று என்ற பூதங்கள் பிரிந்து மறுபடி சேர்வதாகத்தான் விளக்குகிறார். இலங்கையில் விஷ்ணுவைக் கும்பிடுவது அவர்கள் வரலாறு. அதையே பௌத்தம் என்று சகோதரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா என்று கேட்ட மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் என்ன குலம், உயரமா குட்டையா, எந்த ஊர், வில்லின் நாண் எதனால் ஆனது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், தெரிந்துகொள்வதற்கு முன்பே செத்துப்போவான். எய்தவன் குலத்தைக் கேட்பதுதான் பட்டியலிலேயே முதலில் வருகிறது. அதைப் படித்த அன்று எங்கள் அப்பா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

தஞ்சைத் தமிழாசிரியை:

சுருக்கமாக ஒன்று. ஆன்மாவும் இல்லை, படைத்தவனும் இல்லை என்றால் பிறகு எப்படி எல்லாம் நடக்கிறது என்பதற்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. மணிமேகலையில் பன்னிரண்டு சார்புகள் வரும்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்று இருப்பதால் அடுத்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு 'ஊறு' என்றால் தொடுதல் என்று சொல்லித்தருவேன். கண்ணும் உருவமும் தொட்டுக்கொண்டால் நுகர்வு, நுகர்ந்தால் இன்னும் வேண்டும் என்ற வேட்கை, வேட்கை முற்றினால் பற்று. இந்தச் சங்கிலியில் எங்கேயும் 'நான்' என்று ஒரு கண்ணி இல்லை என்பதைப் பாருங்கள். பேதைமை போனால் வரிசையாக எல்லாம் அவிழும், அதுதான் நிர்வாணம். அதை ஓர் இடமாகவோ ஒரு தெய்வமாகவோ நினைக்கத் தேவையில்லை.

திருச்சிப் பெண்:

மூன்று பேருக்கும் நன்றி. தங்கவயல் அண்ணா, எய்தவன் குலம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஐயா, கேட்காமல் இருக்க முடியவில்லை. 'நான்' என்று எதுவும் இல்லை என்றால், நான் ஊற்றிய தண்ணீர் யாருக்குப் போனது? அப்பா என்று ஒருவர் எங்காவது இருக்கிறாரா, இல்லையா?

கண்டிப் பூக்கடை:

மகள், நேற்று மழை, மின்சாரம் இல்லை, அதனால் தாமதம்.

தங்கவயல் தம்பி சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. தேவாலைக்குள் போகாமலே முழுப் பௌத்தராக இருக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பௌத்தர்கள் அடைக்கலம் சொல்லும் திரிசரணத்தில் புத்தர், தம்மம், சங்கம் மூன்றைத் தவிர எந்தத் தெய்வத்தின் பெயரும் கிடையாது. ஆனால் இங்குள்ள தாய்மார் பத்தினியின் முன் நின்று அழுவதை 55 வருடமாகப் பார்க்கிறேன், அதை வெளியே தள்ளவும் எனக்கு மனம் வராது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேன தேரரிடம் இதையே கேட்டான். எதுவும் கடந்து போகாமல் மறுபிறப்பு எப்படி? தேரர் விளக்கைக் காட்டினார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முதல் விளக்கிலிருந்து சுடர் கழன்று அடுத்ததற்குப் போகிறதா? இல்லை. ஆனால் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரியுமா? அதுவும் இல்லை. போயா இரவில் விகாரை முற்றத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் விளக்குகள் வரிசையாக இருக்கும், ஒருவர் தன் திரியைப் பக்கத்து விளக்கில் காட்டிப் பற்றவைப்பார், அதிலிருந்து அடுத்தவர். கடைசி விளக்கின் நெருப்பு முதல் விளக்கின் நெருப்புத்தானா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதேதான் என்றும் சொல்ல வராது, வேறு என்றும் சொல்ல வராது. ஒருவர் உயிரோடு இருக்கும்போதும் இப்படித்தான் என்கிறார்கள். உங்களைத் தூக்கி வளர்த்த அப்பாவும் கடைசியில் படுக்கையில் இருந்த அப்பாவும் ஒரே ஆள்தான், ஆனால் மாறாமல் அப்படியே இருந்தது என்று எதை எடுத்துக்காட்ட முடியும்?

இனி, தண்ணீர். அப்போது பிக்குகள் ஓதியதன் அர்த்தம் இது: மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுவது போல, இங்கே கொடுத்தது போனவர்களுக்குச் சேரட்டும். நிறைந்த ஆறுகள் கடலை நிறைப்பது போலச் சேரட்டும். அதனால்தான் கிண்ணம் நிறைந்தும் நிறுத்தச் சொல்லவில்லை, வழிய வேண்டும். நீங்கள் செய்த தானத்தைப் போனவர் பார்த்து மனம் மகிழ்கிறார், அந்த மகிழ்ச்சிதான் அவருக்குப் புண்ணியமாகிறது என்பது விளக்கம். உங்கள் வினையைத் தூக்கி அவர் கணக்கில் போடுவதில்லை.

அது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா? ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடம் போய் இதைத்தான் கேட்டார். நாங்கள் இறந்தவர்களுக்குக் கொடுக்கிறோமே, அவர்களுக்குச் சேர்கிறதா என்று. புத்தர் மழுப்பவில்லை. மனிதராகவோ தேவராகவோ பிறந்துவிட்டால் அங்கே கிடைக்கிற உணவில் வாழ்வார்கள், இது சேராது. பசித்த பேயாகப் பிறந்திருந்தால் சேரும் என்றார். பிராமணர் விடவில்லை. என் ஆள் அந்த இடத்தில் இல்லாவிட்டால்? அங்கே இருக்கும் உன் மற்ற உறவுகளுக்குச் சேரும். அவர்களும் யாரும் இல்லாவிட்டால்? இவ்வளவு நீண்ட பிறவித் தொடரில், அந்த இடத்தில் உனக்கு உறவென்று ஒருவருமே இல்லாமல் இருக்க வழியில்லை என்றார் புத்தர். கொடுத்தவருக்கும் பலன் இல்லாமல் போகாது என்றார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பா நல்ல மனிதராக இருந்திருப்பார் என்று தெரிகிறது. நல்ல இடத்தில் பிறந்திருந்தால் அந்தத் தண்ணீர் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. அப்படியானால் பசித்திருந்த வேறு யாரோ ஒருவர், எந்தப் பிறவியிலோ உங்களுக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருந்தவர், அன்றைக்கு அந்தக் கிராமத்து வீட்டு வாசலில் நின்று குடித்திருப்பார்.

வருடத் திதிக்கு இங்கே வரவேண்டும் என்றில்லை. திருச்சியிலேயே நாலு பேருக்குச் சோறு போடுங்கள். கெண்டி கிடைக்காவிட்டால் செம்பு போதும். கீழே ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வழிகிற தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம்.